பிளைவுட் குகையும் பிரெஞ்சு உளவாளியும்

கார் ஓடுகிறது. ஓட்டுகிறவன் கோட்டு சூட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருக்கிறான். பின்கண்ணாடியில் தெரியும் சாலையோ வளைவே இல்லாமல் நேராகப் போகிறது. இத்தனை வேகத்திலும் அவன் தலையில் ஒரு மயிர்கூடக் கலையவில்லை. நண்பர் வீட்டு டிவியில் அந்தப் பிரெஞ்சுப் படத்தின் இந்தக் காட்சி வந்ததும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பீடிப் புகையும் தண்ணீர் தெளித்த மணலின் வாசமும் எங்கிருந்தோ வந்துவிட்டன. மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "மாப்ளே, அந்தக் காரு நகரவே இல்ல, தெரியுமா?" என்று காதோடு சொல்வது கேட்டது.

படத்தின் பெயர் 'ஓ.எஸ்.எஸ். 117: கெய்ரோ, ஒற்றர்களின் கூடு'. 2006-இல் வந்தது. பழைய உளவாளிப் படங்களை அச்சு அசலாக நடித்துக் காட்டிக் கேலி செய்யும் படம். இயக்கியவர் மிஷேல் ஹசனவிசியஸ். நாயகன் ழான் துஜார்தான், நாயகி பெரெனிஸ் பெஜோ. இதே மூவர் கூட்டணிதான் பிறகு 'தி ஆர்ட்டிஸ்ட்' என்ற மௌனப் படத்தைக் கொடுத்து, சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் விருதுகளை வாங்கியது. அதைப் பார்த்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அதற்கு முன்னால் இவர்கள் செய்த இந்த உளவாளிப் படத்தைப் பார்த்தவர்கள் குறைவு. எனக்கோ இரண்டில் இதுதான் நெருக்கம். ஏனென்று சொல்ல ஓமலூர்ப் பக்கம் போக வேண்டும்.

எங்கள் ஊரில் டூரிங் டாக்கீஸ் இருந்தது. கீற்றுக் கொட்டகை. முன்னால் மணல் தரை, நடுவில் பெஞ்சு, கடைசியில் மடக்கு நாற்காலி. ஸ்பீக்கரில் சீர்காழி கோவிந்தராஜன் பக்திப் பாட்டை எடுத்துவிட்டார் என்றால் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிற பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர் இருந்தோம். மணலைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்கார்ந்தால் முன்னால் இருக்கும் தலை மறைக்காது. பின்னால் இருப்பவர் எழுந்து வந்து மேட்டைக் கலைப்பார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி குவிப்போம். ஒரே ஒரு புரொஜெக்டர்தான். ரீல் முடியும்போதெல்லாம் விளக்கைப் போட்டுவிடுவார்கள். வில்லன் துப்பாக்கியை நீட்டிய இடத்தில் விளக்கு எரிந்தால், அடுத்த ரீல் ஏறும்வரை முறுக்கும் கடலையும் தின்றபடி ஜெய்சங்கர் எப்படித் தப்பிப்பார் என்று எங்களுக்குள் வழக்கு நடக்கும்.

ஊருக்கு வரும் படமெல்லாம் பழசு. சேலத்தில் ஓடி, ஓமலூரில் ஓடி, கோடு விழுந்த பிறகுதான் பெட்டி எங்களிடம் வரும். 'வல்லவன் ஒருவன்' 1966-இல் வெளியானது. நான் அதைப் பார்த்தது எத்தனையோ வருடம் கழித்து, மழைபோலக் கோடு அடிக்கும் ஒரு பிரிண்டில். ஜெய்சங்கருக்குத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று பெயர் வாங்கிக் கொடுத்த படங்களில் அதுவும் ஒன்று. தயாரித்து இயக்கியவர் மாடர்ன் தியேட்டர்ஸ் ஆர்.சுந்தரம். டி.ஆர்.சுந்தரம் 1935-இல் சேலத்தில் தொடங்கிய கம்பெனி. அவருக்குப் பின் மகன் ஆர்.சுந்தரம் கையில் வந்தபோது உளவாளிப் படங்களும் துப்பறியும் படங்களும் வரிசையாகக் கிளம்பின. சென்னைக்காரர்களுக்கு அது வெறும் கம்பெனிப் பெயர். எங்களுக்கு அது ஏற்காடு ரோட்டில் பஸ் போகும்போது ஜன்னல் வழியாகத் தெரியும் வளைவு. அதற்குள்ளே என் மாமா வேலை பார்த்தார்.

அம்மாவின் தம்பி அவர். தச்சு வேலை. ஸ்டூடியோவில் செட் போடுகிற கூட்டத்தில் ஒருவர். வாரக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வருவார். சட்டைப் பையில் பட்டைப் பென்சில் எப்போதும் இருக்கும். ஊரில் மாடர்ன் தியேட்டர்ஸ் படம் வந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போவது அவர் வேலை. மணலில் உட்கார மாட்டார், பெஞ்சுதான். படம் பார்க்கும் விதமும் வேறு. எல்லோரும் ஜெய்சங்கரைப் பார்ப்பார்கள், மாமா ஜெய்சங்கருக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்ப்பார்.

"அந்தக் கதவு இருக்கு பாரு, நானும் இன்னொருத்தரும் ராத்திரியோட ராத்திரியா செஞ்சது" என்பார். "இந்த மாடிப்படி எட்டுப் படிதான். அதுக்கு மேல ஒண்ணுமில்ல. ஏறுனவரு அங்கயே குனிஞ்சு உக்காந்துக்கணும்." சண்டைக் காட்சியில் நாற்காலி உடைந்தால் அது இலவம் மரமா, வேறு மரமா என்று எனக்குச் சொல்வார். முன்னால் இருப்பவர்கள் திரும்பி முறைப்பார்கள். மாமா கண்டுகொள்ள மாட்டார்.

வில்லனின் ரகசிய இடம் வந்தால்தான் அவர் முகம் மலரும். அந்தக் காலத்து உளவாளிப் படங்களில் அது இல்லாமல் முடியாது. பாறைச் சுவர், ஒரு பித்தானை அழுத்தினால் விலகும் கதவு, உள்ளே வரிசையாகக் கண் சிமிட்டும் பல்புகளோடு ஒரு பெரிய யந்திரம். யந்திரம் என்ன செய்யும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். உலகத்தை அழிக்கும் என்று நாங்களே புரிந்துகொள்வோம். மாமாதான் எனக்கு அதன் உள்ளே இருந்ததைச் சொன்னார். பிளைவுட் பலகையில் வட்டம் வட்டமாகத் துளை போடுவது. துளையின் பின்பக்கம் ஜிகினா காகிதமோ கண்ணாடிக் காகிதமோ ஒட்டுவது. அதன் பின்னால் பல்பு. பலகைக்குப் பின்னால் ஒரு பையன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் சுவிட்சுகளைத் தட்டிக்கொண்டே இருப்பான். வசனம் முடியும்வரை நிறுத்தக் கூடாது. "வில்லன் ஒண்ணரைப் பக்கம் வசனம் பேசுனா அந்தப் பையனுக்குக் கை மரத்துப் போயிடும் மாப்ளே." பாறை என்பது சாக்கைக் கூழில் நனைத்து மூங்கில் சட்டத்தின்மேல் போர்த்திக் காயவைத்து வண்ணம் அடித்தது. யாரும் சாயக் கூடாது. சாய்ந்தால் மலை பள்ளமாகிவிடும்.

காரின் சங்கதியையும் அவர்தான் விளக்கினார். நிற்கிற கார். பின்னால் பெரிய திரை. அந்தத் திரைக்கும் பின்னாலிருந்து, முன்பே எடுத்துவைத்த சாலைப் படத்தைப் போடுவார்கள். இரண்டு பேர் காருக்கு அடியில் கட்டையைக் கொடுத்து லேசாக அமுக்கி அமுக்கி விடுவார்கள். பேக் புரொஜெக்ஷன் என்ற சொல்லை நான் படித்தது கல்லூரியில். கட்டையை அமுக்கியவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தது அதற்கு வெகுகாலம் முன்பு.

இதெல்லாம் தெரிந்ததால் படத்தின் மீதிருந்த மயக்கம் போய்விட்டதா என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். போகவில்லை. கதவு மரம் என்று தெரியும். கதவு திறக்கும்போது நெஞ்சு படபடத்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

பல வருடங்கள் கழித்து அந்தப் பிரெஞ்சுப் படத்தைப் பார்த்த பிறகு, ஓ.எஸ்.எஸ். 117 யார் என்று தேடிப் படித்தேன். அப்போதுதான் இரண்டு முனையும் ஒன்றாக வந்து முட்டின. அந்த உளவாளியைப் படைத்தவர் ழான் புரூஸ் என்ற பிரெஞ்சு எழுத்தாளர். முதல் நாவல் 1949-இல் வந்தது. இயான் ஃபிளெமிங்கின் முதல் ஜேம்ஸ்பாண்ட் நாவல் 1953-இல்தான். அதாவது மூன்று இலக்க எண் கொண்ட உளவாளி பிரெஞ்சுக்காரர்களிடம் முன்பே இருந்தான். எண்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்த புரூஸ் 1963-இல் கார் விபத்தில் இறந்துபோனார். அவர் மனைவி ஜோசெத் தொடர்ந்து எழுதினார். அதே ஆண்டிலிருந்து ஆந்த்ரே ஹுனபெல் இந்தக் கதைகளைப் படங்களாக எடுக்கத் தொடங்கினார். இரண்டாவது படம் 1964-இல் வந்தது. பாங்காக்கில் நடக்கிற கதை, கொள்ளைநோயைப் பரப்பத் திட்டமிடும் ஒரு டாக்டர்தான் வில்லன். நாயகன் கெர்வின் மேத்யூஸ், முன்பு சிந்துபாத்தாக நடித்த அமெரிக்கர்.

நம் 'வல்லவன் ஒருவன்' இந்தப் பாங்காக் படத்தின் தழுவல் என்று திரைப்பட வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். பிரான்சில் எழுதப்பட்டு, பாங்காக்கில் படமாகி, இரண்டே வருடத்தில் சேலத்துக்கு வந்து சேர்ந்த உளவாளி அவன். ஓமலூர்ப் பக்கத்து மணல் தரைக்கு வந்தபோது அவன் ஜெய்சங்கராகி இருந்தான், எல்.ஆர்.ஈஸ்வரியின் குரலில் ஒரு கிளப் பாட்டு சேர்ந்திருந்தது, வேதாவின் இசை சேர்ந்திருந்தது, என் மாமா செய்த கதவும் சேர்ந்திருந்தது. நாற்பது வருடம் கழித்து பிரான்ஸ்காரர்கள் அதே உளவாளியை எடுத்துக் கேலி செய்தபோது, எங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. அதனால் இரண்டாம் முறை அந்தப் படத்தைச் சற்று உஷாராகவே பார்த்தேன். எதைக் கேலி செய்கிறார்கள் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

கதை 1955-இல் கெய்ரோவில் நடக்கிறது. காணாமல்போன சக உளவாளியைத் தேடி 117 அங்கே போகிறான். வெளிப்பார்வைக்கு அவன் ஒரு கோழிப் பண்ணை முதலாளி. அந்தப் பண்ணையில் ஒரு காட்சி உண்டு. இருட்டான கொட்டடிக்குள் போய் விளக்கைப் போடுகிறான். நூற்றுக்கணக்கான கோழிகள் ஒரே நேரத்தில் கொக்கரிக்கின்றன. அணைக்கிறான். சத்தம் நிற்கிறது. மறுபடி போடுகிறான், மறுபடி கொக்கரிப்பு. உலகத்தைக் காப்பாற்ற வந்த மனிதன் எல்லாக் கவலையும் மறந்து சுவிட்சைத் தட்டிக்கொண்டே நிற்கிறான். துஜார்தானின் முகத்தில் அப்போது வரும் சந்தோஷம், ஐந்து வயதுப் பிள்ளையின் சந்தோஷம். பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து சுவிட்சைத் தட்டிய ஏதோ ஒரு சேலத்துப் பையனை நினைத்துக்கொண்டேன். யாரும் அவனைப் படம் பிடிக்கவில்லை.

117-க்குத் தன் நாட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. அப்போதைய பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ரெனே கோத்தியின் சிறிய படங்களைப் பையில் வைத்திருக்கிறான். எகிப்திய வேலைக்காரர்களுக்கு இனாமாகப் பணத்துக்குப் பதில் அதைத்தான் கொடுக்கிறான், பெரிய கௌரவம் செய்வதாக நினைத்து. சூயஸ் கால்வாயைப் பார்த்து, நாலாயிரம் வருடம் முன்பே எகிப்தியர் இதை வெட்டியிருக்கிறார்களே என்று வியக்கிறான். கால்வாய் திறந்தது 1869-இல். அதைச் சொல்லித் திருத்துகிறவள் பக்கத்தில் இருக்கும் நாயகி லார்மினா. விடியற்காலை பாங்கொலி கேட்டுத் தூக்கம் கலைந்ததும், எழுந்துபோய் மினாராவில் ஏறி, பாங்கு சொல்பவரையே அடித்து வாயை அடைத்துவிட்டு வந்து படுக்கிறான். செய்தது தவறு என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஊர் முழுக்கக் கொதிக்கிறது. அது ஏன் கொதிக்கிறது என்றும் அவனுக்குப் புரியவில்லை.

இந்த மினாராக் காட்சியில் சிரிப்பதா வேண்டாமா என்று நண்பர் தயங்கினார். எனக்குத் தயக்கம் வரவில்லை. சிரிப்பு முழுவதும் 117-இன் தலைமேல்தான் விழுகிறது. ஆண்டவர்கள் என்ற நினைப்பு இன்னும் இறங்காத ஓர் ஐரோப்பியன், அவன் கண்ணெதிரே நழுவிக்கொண்டிருக்கும் ஓர் உலகம். கதை நடக்கும் 1955-க்கு அடுத்த ஆண்டே எகிப்தின் தலைவர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். கோத்தியின் படத்தை வாங்கிக்கொண்டு சலாம் போடும் எகிப்தியர் எல்லோருக்கும் தெரிந்தது அவன் ஒருவனுக்குத்தான் தெரியவில்லை. ஹுனபெலின் பழைய படங்களில் இந்த அகந்தை அப்படியே வீரமாகக் காட்டப்பட்டது; பாங்காக் மக்கள் பின்னணியில் நிற்பார்கள், வெள்ளைக்காரன் வந்து காப்பாற்றுவான். ஹசனவிசியஸ் அந்த அகந்தைக்கு வெளிச்சம் போட்டுக் காட்டினார். அவருடைய கேலி அங்கே மட்டும்தான்.

மற்றதெல்லாம் மரியாதை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய படங்களைக் கேலி செய்கிறவர்களில் பலர் அட்டைச் சுவரைத்தான் கேலி செய்கிறார்கள். செட் ஆடுகிறது, ஒட்டுமீசை தெரிகிறது, இதோ பாருங்கள், சிரியுங்கள் என்கிறார்கள். அதற்கு ஒரு திறமையும் வேண்டாம். இந்தப் படமோ அந்த அட்டைச் சுவரை மறுபடியும் கட்டியது. ஒளிப்பதிவாளர் கியோம் ஷிஃப்மன் அந்தக் காலத்து வண்ணத்தை, அந்தக் காலத்து நிழலை, நாயகியின் கண்ணில் மட்டும் விழும் வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். நகராத காருக்குப் பின்னால் திரையைக் கட்டிச் சாலையை ஓடவிட்டிருக்கிறார்கள். கணினியில் நொடியில் செய்துவிடக்கூடிய காலத்தில் இதற்கு மெனக்கெட்டிருக்கிறார்கள். துஜார்தானும் கேலி செய்கிற முகத்தோடு நடிக்கவில்லை. ஷான் கானரி எப்படிக் கோட்டுப் பித்தானைப் போடுவார், எப்படிப் புருவத்தைத் தூக்குவார் என்று ஒரு சீடனைப்போலப் பயின்று நடித்திருக்கிறார். விருந்தொன்றில் வாத்தியக் கோஷ்டியோடு சேர்ந்து அரபியில் ஒரு பாட்டை எடுத்து விடுகிறார் பாருங்கள், அந்த இடத்தில் எங்கள் கொட்டகையாக இருந்தால் விசில் பறந்திருக்கும்.

தமிழில் இப்படித் தனியாக ஒரு கேலிப் படம் வர ஏன் அத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்திருக்கிறேன். நமக்குத் தேவைப்படவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாயகன் தொப்பியும் துப்பாக்கியுமாக ஒரு பக்கம் துப்பறிந்துகொண்டிருக்க, நகைச்சுவை நடிகர் இன்னொரு பக்கம் ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு அதையே கோணலாகச் செய்துகொண்டிருப்பார். எம்.ஜி.ஆரின் 'ரகசிய போலீஸ் 115' படத்தில் நாகேஷ் இருந்தார். வீரமும் அதன் கேலியும் ஒரே டிக்கெட்டில் கிடைத்தன. அந்தக் காமெடி டிராக் படத்தைவிட்டுப் போன பிறகுதான் கேலி தனிப் படமாக வெளியே வந்தது. 2010-இல் 'தமிழ்ப் படம்' வந்தது, அதே ஆண்டு சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' வந்தது. பின்னது உளவாளிக் கதை இல்லை, கௌபாய்க் கதை. ஆனால் அதில் ஓர் ஊரின் பெயர் ஜெய்சங்கர்புரம். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் படத்துக்கு மாமாவைச் சேலத்தில் ஒரு தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். அப்போதே அவருக்கு வயதாகிவிட்டது. ஸ்டூடியோ மூடி எவ்வளவோ காலமாகியிருந்தது. தளங்கள் இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன, ஏற்காடு ரோட்டில் அந்த வளைவு மட்டும் நிற்கிறது. ஸ்டூடியோவுக்குப் பிறகு மாமா கட்டில், பீரோ, கல்யாண மண்டபத்து மேடை என்று செய்து பிழைத்தார். டிவியில் பழைய படங்களைக் கிண்டல் செய்யும் நிகழ்ச்சி வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். திட்டமாட்டார், போய்விடுவார். அதனால் கொஞ்சம் பயந்துதான் தியேட்டருக்கு அழைத்துப்போனேன். மரவீடுகளும் சலூன் கதவுகளுமாக அந்த ஊர் திரையில் விரிந்ததும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தவர் கடைசிவரை சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து டீ குடிக்கும்போது, "நல்ல மரம் போட்டிருக்கானுக. செலவு பண்ணியிருக்கானுக" என்றார். கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிரெஞ்சுப் படத்தைக் காட்டியது அதற்கும் பிறகு, அவர் வீட்டில், என் லேப்டாப்பில். வசனம் அவருக்குப் புரியாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து சுருக்கமாகச் சொன்னேன். கோழிக் காட்சிக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தார், அத்தையைச் சமையல்கட்டிலிருந்து கூப்பிட்டு, அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். கார் காட்சி வந்ததும் சிரிப்பு நின்றது. திரைக்கு நெருக்கமாக முகத்தைக் கொண்டுபோனார்.

"இது எந்த வருசத்துப் படம்?"

"2006 மாமா."

"பொய் சொல்லாத. இது எங்க காலத்து வேலை."

இல்லை, வேண்டுமென்றே அந்தக் காலத்து முறையில் எடுத்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். நம்ப நேரமாயிற்று. "நிசமாவே பின்னால திரை கட்டியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம் என்றதும் கையைத் தொடையில் தட்டிக்கொண்டார். "அடிச்சுக் காட்டுறானுக மாப்ளே! வண்டியக் கொஞ்சம் இன்னும் ஆட்டியிருக்கணும். மத்ததெல்லாம் சுத்தம்." அதன்பிறகு படம் முழுக்க அவர்தான் எனக்குக் கதை சொன்னார். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தச் சுவர் நிசம், எது பலகை, மாடிப்படி எத்தனை படியோடு நிற்கும் என்றெல்லாம்.

படம் முடிந்து எழுத்து ஓட ஆரம்பித்தது. வழக்கம்போல நிறுத்தப் போனேன். மாமா கையைப் பிடித்துக்கொண்டார். அவர் காலத்துப் படங்களில் பெயர்கள் தொடக்கத்திலேயே வந்துவிடும். கலை என்று ஒருவர் பெயர் வரும், அரங்க அமைப்பு என்று இன்னொருவர் பெயர் வரும், ஆணி அடித்தவர்களின் பெயர் வராது.

"இதுல செட்டு போட்டவங்க பேரு வருமா?" என்றார்.

வரும் என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்த வரிசை வந்ததும் படத்தை நிறுத்திவிட்டு, எனக்குத் தெரிந்த மட்டும் எழுத்துக் கூட்டி ஒவ்வொரு பெயராகப் படித்தேன். உச்சரிப்பு சரியா தவறா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். மாமா கடைசிப் பெயர்வரை கேட்டார். பிறகு, "ஜெயசங்கரு படம் ஏதாவது இதுல இருந்தா போடு, அந்தக் கதவக் காட்டுறேன்" என்றார். இருந்தது. போட்டேன்.